அமலோற்பவம் டீச்சருக்கு ஏற்ற தண்டனை

வாழ்நாளில் ஒரு சொட்டுகூடக் குடிக்காத ஒரு பெண்மணியைக் குடிகாரி என்று அரசாங்க அறிக்கையில் எழுதியதற்காக என்னைக் கிளைச் சிறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கைதியாக அல்ல, விளக்கம் சொல்ல. ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"நீதானா அது?"

"எது டீச்சர்?"

"நான் தண்ணி போட்டுட்டுப் போயி குழாயை அடைச்சேன்னு எழுதினது."

"எழுதினது நான் இல்லை. மெஷின். நான் வந்து... அதுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"பக்கத்துல உக்காந்திருந்தவன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துது?"

அமலோற்பவம் டீச்சர் கழியூர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டுவிட்டு அவர் கை தன்னையறியாமல் நெஞ்சுப் பக்கம் போய் எதையோ தேடியது. விசில். உள்ளே வரும்போதே வாங்கி வைத்துவிட்டார்களாம். இருந்திருந்தால் என்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பார். நானும் ஓடியிருப்பேன். சிறு வயதிலிருந்தே பி.டி. டீச்சர்களிடம் எனக்கு மறுத்துப் பேசி வழக்கமில்லை.

அவர் செய்த குற்றம் இது. கழியூரில் ஆறு கடலோடு சேருகிற இடத்துக்குச் சற்று மேலே சம்பங்கி கெமிக்கல்ஸ் என்று ஒரு சாயத் தொழிற்சாலை. வாசனை பெயரில் மட்டும்தான். அதன் கழிவுக் குழாய் ஆற்றில் வந்து வாய் திறக்கிறது. முதல் தடவை டீச்சர் அந்த வாயில் சிமெண்டு மூட்டைகளைத் திணித்தார். ஒரு வருடம் உள்ளே போட்டார்கள். போய் வந்தார். வந்த கையோடு, மாதா கோயிலுக்குத் தரை போடவேண்டும் என்று சொல்லி ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி ஒன்றை வரவழைத்துக் குழாய்க்கு நேராகப் பின்பக்கமாக நிறுத்தினார். அந்த வண்டிகளுக்கு மரியாதை அதிகம். "ஊற்றலாமா?" என்று கேட்டது. "ஊத்து ராசா" என்றார் டீச்சர். நீதிமன்றத்தில் முதல் சாட்சி அந்த லாரிதான். போக வழியில்லாத கழிவு வந்த வழியே திரும்பிப்போய்த் தொழிற்சாலை மேலாளரின் அறையில் முழங்கால் ஆழத்துக்கு நீல நிறத்தில் நின்றது. சமூக ஊடகத்தில் அவருடைய வேட்டியின் கரையைப் பற்றிக் கவிதைகள் எல்லாம் வந்தன.

இரண்டாவது தடவை என்பதால் ஏழு வருடம் வரை கொடுக்கலாம். ஆனால் இப்போதைய சட்டப்படி நீதிபதி தன் இஷ்டத்துக்கு ஏழு என்று சொல்லிவிட முடியாது. எங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அறிக்கை போகவேண்டும். தண்டனை விளைவு மதிப்பீட்டுப் பிரிவு என்று பெயர். வாசலில் பலகை உண்டு. அதன் அடியில் நாய் ஒன்று தூங்கும். மொத்தக் கட்டடத்தில் அதைத்தான் எல்லோரும் விசாரிப்பார்கள்.

"அது என்ன மெஷினு? அதைச் சொல்லு முதல்ல" என்றார் டீச்சர்.

"உங்க ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் அதுக்குள்ள ஒரு நிழல் இருக்கு டீச்சர். போன், பஸ் பாஸ், ரேஷன் கடை, யார்கூட பேசறாங்க, யார்கூட பேச்சை நிறுத்திட்டாங்க, எல்லாத்தையும் வச்சு செஞ்சது."

"எனக்கும் இருக்கா?"

"இருக்கு."

"என்னை மாதிரியே வெடுக்குனு பேசுமா?"

"பேசாது. ஆனா நீங்க எங்க போவீங்க, எதுக்குப் பயப்படுவீங்க, யார் சொன்னா கேப்பீங்கன்னு அதுக்குத் தெரியும்."

"யார் சொன்னா கேப்பேன்?"

"யார் சொன்னாலும் கேக்க மாட்டீங்கன்னுதான் வருது."

அன்று முதல்முறையாகச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"உங்களுக்கு மூணு வருஷம் போட்டா ஊர்ல வேற யாரெல்லாம் இதே வேலையைச் செய்வாங்க, ஏழு வருஷம் போட்டா யாரெல்லாம் பயந்து ஒதுங்குவாங்கன்னு அந்த நிழலை எல்லாம் விட்டு ஓட்டிப் பாக்கும். பல வருஷத்தை ஒரு மத்தியானத்துல ஓட்டிடும். எந்தத் தண்டனையில ஊர் அடங்குதோ அதை நீதிபதிக்குச் சொல்லுவோம். செயின் பறிப்பு, பைக் திருட்டுல எல்லாம் ரொம்ப நல்லா வேலை செய்யுது."

"நான் எந்தச் செயினைப் பறிச்சேன்? அதுல எங்க வந்துச்சு குடி?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மெஷினில் குற்றத்துக்கான நோக்கம் என்று ஓர் இடம் உண்டு. அதில் அழுத்தினால் சில நோக்கங்கள் இறங்கும். பணம், காதல், குடும்பப் பகை, நிலத் தகராறு, குடி. கடைசியில் 'பிற' என்றும் ஒன்று உண்டு. அதைத் தொட்டால் மெஷின் படுத்துவிடும். ஒப்பந்தக்காரரின் ஆள் வந்துதான் எழுப்பவேண்டும். அவர் வருவதற்குள் விசாரணைத் தேதி போய்விடும். அதனால் மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்தவர், மணல் லாரிக்குக் காற்றைப் பிடுங்கியவர், ஏரிக்குள் வந்த பொக்லைன் முன்னால் படுத்தவர் என்று யார் வந்தாலும் நாங்கள் 'குடி' என்றே போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் பிரிவில் அது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

மெஷின் அதை நம்பியது. சுற்றுச்சூழலுக்காகக் குற்றம் செய்கிறவர்கள் எல்லாம் போதையில் செய்கிறார்கள் என்று முடிவு கட்டி, அந்தந்த ஊரில் மதுக்கடையை வேறு இடத்துக்கு மாற்றும்படி பரிந்துரைத்தது. ஓர் ஊரில் மாற்றியும்விட்டார்கள். ஏரிக்கரைக்கு.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது டீச்சர் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, நிலத் தகராறுன்னாவது போட்டிருக்கலாம்ல?"

"போட்டா எதிர்த்தரப்பு பேரு கேக்கும் டீச்சர். ஆறுன்னு போட்டா எடுத்துக்காது."

"சரி. இப்ப என்ன செய்யப் போற?"

"நோக்கம் 'குடி'ன்னு நீதிபதி கோர்ட்ல வாசிச்சதும் நீங்க குடுத்த மனுவுக்கு உத்தரவு போட்டுட்டாங்க. 'பிற'வைச் சரி பண்ணிட்டோம். உண்மையான நோக்கத்தை உங்க வாயால சொல்லணும். அதை வச்சு திருப்பி ஓட்டணும்."

அவர் யோசித்தார். ஆற்றைத் தாய் என்பார், வருங்காலத் தலைமுறை என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானே கல்லூரியில் ஒரு பேச்சுப் போட்டியில் அப்படிப் பேசி மூன்றாம் பரிசு வாங்கியிருக்கிறேன். போட்டியில் மூன்று பேர்தான்.

"கபடி ஆடிருக்கியா?" என்றார்.

"பாத்திருக்கேன்."

"மூச்சை விடாம கபடி கபடின்னு பாடிக்கிட்டே எதிர்க் கோர்ட்டுக்குள்ள போயித் தொட்டுட்டுத் திரும்பணும். எங்க புள்ளைங்க காலையில ஆத்தங்கரை மணல்லதான் ஆடுவாளுங்க. மாநிலம் வரைக்கும் போன டீமு. இந்தக் கம்பெனி வந்தப்பறம் ஒருத்தியாலயும் பாட்டை முடிக்க முடியல. பாதியில இருமல் வந்துருது. மூச்சு அந்தண்ட கோடு வரைக்கும் போக மாட்டேங்குது." என் கையிலிருந்த நோட்டைக் காட்டினார். "எழுதிக்க. என் டீமு தோத்துப் போச்சு. அதான் நோக்கம்."

எழுதிக்கொண்டேன்.

* * *

என் மேலதிகாரி குலசேகரன் நல்ல மனிதர். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. அதனால் எல்லாவற்றையும் பஸ் நிலையத்தில் கடைசி வண்டிக்குக் காத்திருப்பவர் மாதிரி பார்ப்பார். மெஷின் ஓடி முடித்து வரைந்த கோட்டைத் திரையில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யோவ் சிகாமணி, இதைத் தலைகீழா மாட்டிட்டியா?"

"இல்ல சார். அது அப்படித்தான் வருது."

என் முழுப் பெயர் தெய்வசிகாமணி. அலுவலகத்தில் தெய்வத்தைக் கழித்துக்கொண்டார்கள். வீட்டில் என் மனைவிக்கு நான் 'கணிப்பு'. சிலிண்டர் எப்போது தீரும் என்று நான் சொன்ன எந்தத் தேதியிலும் தீராததால் வந்த பட்டம்.

திருட்டுக் கேஸ்களில் கோடு இறங்கும். தண்டனை கூடக் கூட, குற்றம் குறையும். இதில் ஏறியது. டீச்சருக்கு மூன்று வருடம் கொடுத்தால் அவருடைய பழைய மாணவிகள் ஓரிருவர் குழாயை அடைக்கிறார்கள். ஏழு கொடுத்தால் டீமே கிளம்புகிறது. அவர்களைப் பிடித்து உள்ளே போட்டால் அவர்களின் தங்கைகள். அபராதம் போட்டால் ஊர் சேர்ந்து உண்டியல் குலுக்குகிறது, குலுக்கும்போது இன்னும் நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். மன்னித்து விட்டால் டீச்சரே மறுபடி போகிறார்.

"ஜெயிலுக்குப் போனா பயம் வரணுமேய்யா" என்றார் சார்.

"திருடனுக்கு வரும் சார். போனா அவனுக்கு நஷ்டம். இவங்களுக்கு உள்ள போறதே சொன்ன சொல்லுக்குச் சாட்சி மாதிரி ஆயிடுது. ஊர்ல இருக்கிறவங்க, 'டீச்சரே போயிட்டாங்க, நாம என்ன வீட்ல உக்காந்துக்கிட்டு'ன்னு நினைக்கிறாங்க."

"இதை அப்படியே எழுதி அனுப்பினா நம்ம பிரிவையே மூடிருவாங்க." நாயை நினைத்தாரோ என்னவோ, ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சட்டென்று, "எங்க அபார்ட்மெண்ட்ல ஒருத்தன் இருந்தான்யா" என்று ஆரம்பித்தார்.

அவர் அபார்ட்மெண்ட் கதைகள் எனக்கு மனப்பாடம். ஆனால் இதைக் கேட்டதில்லை.

"லிஃப்டு சரியில்லை, லிஃப்டு சரியில்லைன்னு தினம் கத்துவான். அசோசியேஷன் மீட்டிங்ல நாற்காலியைத் தூக்கி அடிச்சான். எச்சரிக்கை குடுத்தோம், போலீசுக்குச் சொன்னோம், அடங்கல. கடைசியில லிஃப்டு கமிட்டின்னு ஒண்ணு போட்டு அவனையே தலைவராக்கினோம். அதுக்கப்பறம் ஒரு சத்தம் இல்லை."

"லிஃப்டு?"

"இன்னிக்கும் நான் மாடிப்படிதான் ஏறேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சும்மா போட்டுப் பாரேன். ஆற்று நீர்க் கண்காணிப்புக் கமிட்டி. டீச்சர் அதுல பொதுமக்கள் பிரதிநிதி. மதிப்பூதியம், வண்டிப்படி. மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம்."

சும்மாதான் போட்டுப் பார்த்தோம். சாப்பிட்டுவிட்டு வந்தபோது முடிவு வந்திருந்தது.

கோடு தரையோடு படுத்திருந்தது. டீச்சர் குழாய்ப் பக்கம் போகவில்லை. அவர் மாணவிகள் போகவில்லை. ஊரில் ஒருவரும் போகவில்லை. எங்கள் மெஷின் வந்த நாளிலிருந்து எந்தக் குற்றத்துக்கும், எந்தத் தண்டனைக்கும் இவ்வளவு சுத்தமான பலன் வந்ததே இல்லை. கொலைக்கு ஆயுள் தண்டனைகூட இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

குலசேகரன் சாருக்குத் தன் பணிக்காலத்தின் ஒரே கண்டுபிடிப்பு இதுதான் என்று தெரிந்துபோய்விட்டது. சந்தோஷப்படவில்லை. நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்துகொண்டார்.

அவர் போன பிறகு நான் செய்யத் தேவையில்லாத ஒன்றைச் செய்தேன். மெஷினில் ஆறு கிடையாது. அதற்கு மனிதர்களை மட்டும்தான் தெரியும். ஆனால் நிழல்கள் எங்கெங்கே போகின்றன என்று ஊர் வரைபடத்தில் புள்ளிகளாகப் பார்க்கலாம். கமிட்டி ஓட்டத்தை எடுத்து விடியற்காலை நேரத்தை மட்டும் பார்த்தேன். முதலில் ஆற்றங்கரையில் புள்ளிகள் இருந்தன. பெண் பிள்ளைகள், நண்டு பிடிக்கிறவர்கள், காலைக்கடனுக்குப் போகிற பெரிசுகள். வருடம் போகப் போகக் குறைந்தன. அப்புறம் ஒரு புள்ளியும் இல்லை. யாருமே அந்தப் பக்கம் போகவில்லை. எந்த ஊரும் ஓர் ஆற்றை அப்படிச் சும்மா விட்டு ஒதுங்காது.

பிறகு சிறை ஓட்டத்தை எடுத்தேன். அதில் நிறையப் புள்ளிகள் சிறைச்சாலைக் கட்டடத்துக்குள் குவிந்து கிடந்தன. ஒன்று வெளியே வந்தால் ஒன்று உள்ளே போனது. தொழிற்சாலைக்கு ஆள் வருவது குறைந்தது. அடைபடுகிற குழாய்க்கு எந்தக் கம்பெனியும் காப்பீடு தராது. ஒரு கட்டத்தில் தொழிற்சாலைப் புள்ளிகள் எல்லாம் மொத்தமாகக் காணாமல் போயின. அதற்கும் பிறகு, விடியற்காலையில், ஆற்று மணலில் ஏழு ஏழாகப் புள்ளிகள். எதிரும் புதிருமாக.

திரையை அணைத்துவிட்டு வெளியே போய் நாய்க்கு பிஸ்கட் வாங்கிப் போட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

* * *

அறிக்கை மூடிய உறையில் நீதிபதிக்கு மட்டும் போகவேண்டும். குற்றவாளியிடம் சொல்லக்கூடாது. நோக்கத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மறுபடி கிளைச் சிறைக்குப் போய் எல்லாவற்றையும் டீச்சரிடம் கொட்டிவிட்டேன். எனக்கு ரகசியம் தங்காது. அதற்கு ஏற்ற உடம்பு இல்லை.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முட்டி வலிக்கிறது என்று சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"அப்ப ஜெயிலுக்குப் போனா ஆறு பொழைக்குது."

"ஆமா டீச்சர்."

"கமிட்டிக்குப் போனா செத்துருது."

"மெஷின் அப்படித்தான் சொல்லுது. நீங்க முதல்ல கத்துறீங்க. அப்பறம் கூட்டத்துக்கு ஆள் சேரலைன்னு தள்ளிப்போடறாங்க. தண்ணியை பாட்டில்ல பிடிச்சு அனுப்பறாங்க, முடிவு வர்றதுக்குள்ள பாட்டில் காலாவதி ஆயிடுது. அப்பறம் நீங்க களைச்சுப் போயிடறீங்க."

"நான் களைச்சா மத்தவளுங்க எதுக்குச் சும்மா இருக்காளுங்க? அவளுங்க என்ன கமிட்டியிலயா இருக்காளுங்க?"

"அது ஏன்னு மெஷின் சொல்லாது டீச்சர். என்ன நடக்கும்னுதான் சொல்லும்."

"எனக்குத் தெரியும்." டீச்சர் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "அமலோற்பவம் விலை போயிட்டான்னு நினைச்சுக்குவாளுங்க. நம்ம டீச்சரே இவ்வளவுதான்னா நமக்கு என்னன்னு போயிருவாளுங்க. கோச்சு ஆட்டத்தை வித்துட்டா அப்பறம் எந்த டீமு களத்துல இறங்கும்?"

எனக்கு இது தோன்றவே இல்லை. டீச்சரின் களைப்புதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு செய்யறேன் டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கமிட்டி ஓட்டத்தை அறிக்கையில எழுதாம விட்டுடறேன். சார் கண்டுக்க மாட்டார். நீதிபதிக்குத் தெரியாது. நீங்க..."

"நான் ஏழு வருஷம் உள்ள போறேன்."

"ஆமா."

"எனக்கு ஒண்ணும் இல்ல. பழகிப்போச்சு. சாம்பார்ல உப்பு மட்டும் கொஞ்சம் சொல்லணும்." கம்பிகளைப் பார்த்தபடி இருந்தார். "உள்ள குவிஞ்சு கெடந்துதுன்னியே, அந்தப் புள்ளிங்க. அதெல்லாம் யாரு?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"பேரு தெரியுமா தெரியாதா?"

"தெரியும் டீச்சர்."

"பர்வீன் இருக்காளா?"

தலையாட்டினேன்.

"அவளுக்கு ரயில்வேயில ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை வந்திருக்குய்யா. ஆர்டர் கையில வந்துருச்சு. கேஸுன்னு ஒண்ணு ஆனா கிழிச்சுப் போட்டுருவான். ஸ்டெல்லா?"

"இருக்காங்க."

"தமயந்தி?"

"முதல்ல போறதே அவங்கதான்."

"கேப்டனாச்சே. போவா." விரல் விட்டு மாதம் எண்ணினார். "கைக்குழந்தை அவளுக்கு. போன ஆடியிலதான் பொறந்துது. இன்னும் தவழக்கூட இல்ல."

வார்டர் வந்து நேரமாயிற்று என்று ஜாடை காட்டினார். டீச்சர் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"நீங்களே அவங்ககிட்ட சொல்லிடலாமே டீச்சர். யாரும் எதுவும் செய்யக் கூடாதுன்னு."

"நான் சொன்னா கேப்பாளுங்களா? அடங்காமதானே வளத்து விட்டிருக்கேன்." கம்பி வழியாக என் சட்டைக் காலரைப் பிடித்துச் சரி செய்தார். பள்ளி அணிவகுப்பில் நிற்கிற பிள்ளைக்குச் செய்வது போல. "கமிட்டியை எழுது. விட்டுறாத."

"ஆறு டீச்சர்?"

"ஆறு எனக்கு முன்னாடியும் இருந்துச்சு" என்றார். வார்டரோடு உள்ளே நடந்தார்.

எழுதினேன். மனதறிந்து எழுதிய முதல் உண்மையான அறிக்கை அது. அதை எழுதியபோது ஏதோ பொய் எழுதுவது போலவே கை கூசியது.

* * *

தீர்ப்பு நாளன்று நீதிமன்றத்தில் கழியூர்ப் பெண்கள் கடைசி வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். பழைய டீம். சிலருக்குக் கல்யாணமாகி உடம்பு போட்டிருந்தது. எல்லோரும் பள்ளிக்கூட நிறத்தில், நீலத்தில், ஏதோ ஒன்று உடுத்தியிருந்தார்கள். யாரோ சொல்லி வைத்த மாதிரி. டீச்சர் உள்ளே போகும்போது விசில் அடித்து வழியனுப்புவதாகத் திட்டம் என்று வாசலில் டீக்கடைக்காரர் சொன்னார். தமயந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். இருமினாள். குழந்தை அந்தச் சத்தத்துக்குச் சிரித்தது.

எனக்கு நீதிபதியின் மேடைக்குக் கீழே, கூட்டத்தைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. மதிப்பீட்டாளர் இருக்கை. கால் ஒன்று குட்டை. டீச்சர் என் அருகில், நீதிபதியைப் பார்த்து, அதாவது பெண்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

நீதிபதி உறையைப் பிரித்துப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு முறை பார்த்தார். நான் நாற்காலியின் காலைப் பார்த்தேன்.

"அமலோற்பவம்" என்றார். "ஏழு வருடம் வரை தண்டிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு மாற்றாக, ஆற்று நீர்க் கண்காணிப்புக் கமிட்டியில் பொதுமக்கள் பிரதிநிதியாக நீங்கள் இருக்கச் சம்மதித்தால், தண்டனையை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. உங்கள் சம்மதம் வேண்டும்."

பின்வரிசையில் சலசலப்பு. ஸ்டெல்லா சத்தமாகவே சொன்னாள், "மிஸ் காறித் துப்பப் போறாங்க பாரு."

டீச்சர் தொண்டையைச் செருமினார். பிறகு, மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற அந்தக் குரலில் கேட்டார்:

"வண்டிப்படி ஏசி காருக்கா, சாதா காருக்கா?"

கோர்ட் ஒரு நிமிடம் புரியாமல் விழித்தது. கம்பெனி வக்கீல்தான் முதலில் சிரித்தார்.

"அதெல்லாம் விதிகளின்படி வரும்" என்றார் நீதிபதி.

"மீட்டிங்ல சாப்பாடு உண்டுங்களா? மத்தியானம் ஆயிருச்சுன்னா எனக்குச் சுகர் எறங்கிரும். சைவம்னா வேணாம். அப்பறம் கமிட்டி மெம்பர்னு வீட்டு வாசல்ல ஒரு போர்டு வச்சுக்கலாமா? பெருசா?"

அவர் முகத்தைப் பின்னால் இருப்பவர்கள் பார்க்க முடியாது. நான் பார்த்தேன். பார்க்க வேண்டாத இடத்தில் நாற்காலியைப் போட்டிருந்தார்கள். குரலில் இருந்த பேராசையில் ஒரு துளிகூட அந்த முகத்தில் இல்லை. கண்களை இறுக்க மூடியிருந்தார். ஊசி போட்டுக்கொள்கிற குழந்தையைப் போல.

"வைத்துக்கொள்ளலாம்" என்றார் நீதிபதி களைப்பாக. "சம்மதமா?"

"சம்மதமுங்க. இத்தனை நாளா யாரும் கேக்கலையேன்னுதான் வருத்தம்."

பெஞ்சு ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பர்வீன் எழுந்தாள். தோளில் கிடந்த நீலத் துப்பட்டாவை உருவிச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள். ஸ்டெல்லா அழுதுகொண்டே அவள் பின்னால் போனாள். ஒருத்தி போனதும் மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

டீச்சர் திரும்பவில்லை. கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"போயிட்டாளுங்களா?"

"போய்ட்டிருக்காங்க டீச்சர்."

"எவளாவது திரும்பிப் பாக்குறாளா?"

நான் வாசலைப் பார்த்தேன். பர்வீன் பார்க்கவில்லை. ஸ்டெல்லா பார்க்கவில்லை. அவர்கள் பின்னால் போனவர்களில் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வெளியேறிய பிறகு வாசற்படியில் தமயந்தி மட்டும் நின்றாள். குழந்தையை ஒரு பக்க இடுப்பிலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். டீச்சரின் முதுகைப் பார்த்தாள். அந்தக் கட்டையைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்ததையும் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபம் இல்லை. ஏதோ ஒன்று இப்போதுதான் பிடிபட்டவள் போல மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

எங்கள் மெஷினில் எத்தனை முறை ஓட்டியும் அவள் அப்படி நின்றதில்லை.

"ஏன்யா, கேக்கறேன்ல. யாராவது பாக்குறாளா?"

"இல்ல டீச்சர்" என்றேன். "ஒருத்தியும் பாக்கல."

அவர் மூச்சு விட்டார். கண்ணைத் திறந்தார். வெளியே வாசற்படி காலியாகிவிட்டிருந்தது.

"நல்லது" என்றார். "எங்க கையெழுத்துப் போடணும்? பேனா வச்சிருக்கியா?"

கொடுத்தேன்.